இரண்டாம் எஞ்சின்

கையை எடுத்துவிட்டேன்.
எடுத்த பிறகும் நடுங்குகிறது.
திரையில் இரண்டாம் எஞ்சின்
அறுபத்தொன்று, அறுபத்து நான்கு, ஐம்பத்தெட்டு,
ஏலக்காரர் வாயில் வஞ்சிர விலை போல.
முதலாம் எஞ்சின் பாவம்,
மின்துறை அலுவலகத்தில் என் மேசை மாதிரி
அசையாமல் கிடக்கிறது.

லீவரைக் கொண்டுவந்தவன் லியோன்.
துலூஸிலிருந்து வந்தபோது
சாக்லேட்டுக்கும் சட்டைக்கும் நடுவே
காலுறை சுற்றி வைத்திருந்தான்.
சுங்கத்தில் கேட்டார்களாம், இது என்ன என்று.
"மச்சானோட விமானத்துல பாதி" என்றானாம்.

மீதிப் பாதி
முத்தியால்பேட்டையில் வாங்கிய பிளைவுட்,
தையல் மிஷின் மிதி,
சக்கரம் இறக்க
ஒரு கதவுத் தாழ்ப்பாள்.

சந்தேகம் முதலில் மென்பொருள் மேல்தான்.
செவ்வாய்க்கிழமை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது,
யாரைக் கேட்டு?
அழித்துவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றினேன்.
நடுங்கியது.
டிரைவரை வேலையைவிட்டு நீக்கி
அரைமணியில் மறுபடி சேர்த்துக்கொண்டேன்.
நடுங்கியது.
யூஎஸ்பி வயரைப் பின்பக்கத் துளைக்கு மாற்றினேன்,
ஹப்பைத் தூக்கிப் போட்டேன்.
கூடுதலாக வாங்கிச் சேர்த்த விமானங்கள் பதினொன்றையும்
வேறு கோப்புறைக்கு அனுப்பிவைத்து
ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தேன்,
கல்யாண வீட்டில் மோதிரம் காணாமல்போனால்
தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களே, அப்படி.
எல்லோரும் நல்லவர்கள்.

லியோனுக்குப் போன் போட்டேன்.
முழுக் கதையையும் கேட்டுவிட்டு
ஒன்றே ஒன்றுதான் கேட்டான்:
"வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"
"தெரியாத மாதிரி கேக்குற. ரெண்டு தெரு."
"அப்ப அதத் தொற."

நான்கு திருகாணி.
ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போனது.
உள்ளே, நகம் அகலத்தில் ஒரு கரித்தடம்,
அதன்மேல் ஊர்கிற பித்தளை நாக்கு,
நாக்கின் நுனியில் பச்சை.

சோலை நகர்க் கடலே,
ஜன்னல் கம்பியைத் தின்றாய், கேட்கவில்லை.
ஃப்ரிட்ஜ் கால்களைத் தின்றாய்,
வாடகைக்காரன்தானே என்று செங்கல் முட்டுக்கொடுத்தேன்.
இப்போது ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏறிவந்து
என் எஞ்சினையும் நக்கிப் பார்த்திருக்கிறாய்.

ஸ்பிரிட்டில் நனைத்த காதுப் பஞ்சால்
போகவும் வரவும் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது, அடுத்தது கறுத்தது,
ஐந்தாவது கொஞ்சம் வெளுத்தது.
மூன்று திருகாணியோடு மூடி
லீவரை மெல்ல முன்னே தள்ளினால்
அறுபத்தொன்று.
அறுபத்தொன்று.
சம்பளம் ஏறிய நாளில்கூட
ஒரு எண்ணை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.
அறுபத்தொன்று.

இனி இறங்க வேண்டியதுதான்.
கடல் பக்கமிருந்து வருகிறேன்.
என் வீடு இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ நாலு தென்னை நட்டிருக்கிறார்கள்.
தாண்டினால் இலாசுப்பேட்டை ஓடுதளம்.
வேகம் சரி, சரிவு சரி, தாழ்ப்பாளைத் தள்ளினேன்,
சக்கரம் தொட்டது.

தொட்டது தரையை அல்ல.
இலவசமாகக் கிடைத்ததென்று போன மாதம் ஏற்றிய ஊரும்
காசு கொடுத்து நேற்று ஏற்றிய ஊரும்
ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன.
ஒன்றின் கணக்கில் தரை இங்கே.
மற்றதன் கணக்கில் அதோ கீழே,
என் நிழல் தனியாக விழுந்துகிடக்கிற இடத்தில்.
எழுபது பயணிகளோடு
பிரேக் பிடித்தபடி காற்றில் நிற்கிறேன்.

பத்தே காலுக்கு
கோரிமேட்டில் ஷிப்ட் முடித்து வந்த அமலோற்பவம்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள்.
"இறங்கியாச்சா?"
"எஞ்சின் சரியாயிடுச்சு."
"அதக் கேக்கல."
"இன்னும் ரெண்டாள் உயரம் பாக்கி."

"அப்பக் கதவத் தொறந்துடாதே" என்று சொல்லிவிட்டு
ரசத்தைச் சூடாக்கப் போனாள்.